சித்தப்பாவுக்கு ஊரில் கல் வைக்கிறோம், அதில் 'யாழ்ப்பாணம்' என்று எழுதலாமா?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

என் அப்பாவின் தம்பி மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாக இருந்தவர். 1987 அக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படையோடு போய் இலங்கையில் இறந்தார். எங்கள் பக்கம், அதாவது வேலூர் மாவட்டத்தில், பட்டாளத்துக்குப் போவது புதிது இல்லை, தெருவுக்கு நாலு வீட்டில் பட்டாளத்து டிரங்குப் பெட்டி இருக்கும். ஆனால் போரில் இறந்தவர் என்று எங்கள் ஊரில் இவர் ஒருத்தர்தான். உடல் வரவில்லை. தந்தி வந்தது, அது ஆங்கிலத்தில் இருந்ததால் தபால்காரர் பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னாராம். அதற்கப்புறம் பல வாரம் கழித்து கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. உள்ளே இருந்த சாமான்களுக்கு டைப் அடித்த ஒரு பட்டியல்: கைக்கடிகாரம் ஒன்று, லுங்கி இரண்டு, முகச்சவர செட் ஒன்று, போட்டோ ஒன்று. அந்தப் பட்டியல் இன்னும் எங்களிடம் இருக்கிறது, கடிகாரம் யாரிடம் போனது என்று தெரியவில்லை.

இப்போது ஊரில் இளைஞர்கள் சேர்ந்து பள்ளிக்கூட வாசலில் அவருக்கு ஒரு கல் வைக்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பணமும் சேர்ந்துவிட்டது. பிரச்சினை கல்லில் என்ன எழுதுவது என்பதில். நான் எழுதிக் கொடுத்தது பெயர், ரெஜிமெண்ட், 'யாழ்ப்பாணம் உரும்பிராய் அருகே நடந்த போரில்', தேதி. அவ்வளவுதான். (உரும்பிராய் என்பது தந்தியில் இல்லை, அவரோடு இருந்தவர் ஒருத்தர் பின்னாளில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னது. கண்ணிவெடி என்றும் அவர்தான் சொன்னார்.) கமிட்டியில் இரண்டு பெரியவர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "யாழ்ப்பாணம் என்று போட்டால் நாளைக்கு எவனாவது வந்து கேள்வி கேட்பான், தமிழனைத் தமிழன் சுட்ட கதை நமக்கு எதற்கு, 'தாய்நாட்டுக்காகப் பணியின்போது வீரமரணம்' என்று போட்டுவிட்டுப் போவோம்" என்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் மனசு ஒப்பவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மதுரை வாலிபன்:

அண்ணே, முதலில் உங்கள் சித்தப்பாவுக்கு வீரவணக்கம். ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன், என் வயசு ஆட்களுக்குப் போர் என்றால் கார்கில்தான். இந்திய ராணுவம் இலங்கையில் சண்டை போட்டது என்பதையே கல்லூரிக்கு வந்தபிறகுதான் கேள்விப்பட்டேன், அதுவும் ராஜீவ் கொலை பற்றிப் படிக்கும்போது பக்கவாட்டில். எத்தனை பேர் இறந்தார்கள்?

ஓய்வு ஹவில்தார்:

ஏறத்தாழ 1,200 பேர், தம்பி. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது, மறுநாளே படை போய் இறங்கியது. கடைசிக் கப்பல் திரிகோணமலையை விட்டது 1990 மார்ச் 24. இரண்டரை வருஷத்துக்கும் மேலே. ஒரு கட்டத்தில் அங்கே இருந்தவர்கள் 80,000 பேர் வரை. கார்கிலில் நாம் இழந்தவர்கள் 527. கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் அங்கே இருந்தவன். ரெஜிமெண்ட் பெயர் வேண்டாம். பாலாற்றங்கரை தம்பிக்குத் தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள், தட்டச்சு எனக்கு மெதுவாகத்தான் வரும்.

தனிக்குரல்:

எல்லோரும் வீரவணக்கம் போடும் முன்னால் ஒரு விஷயம் பேசலாமா? அந்தப் படை அங்கே என்ன செய்தது என்று தெரிந்துதான் கல் வைக்கிறீர்களா? 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் சுட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஊர்ச்சனங்களைச் சுட்டார்கள். இதெல்லாம் பதிவில் இருக்கிறது. 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது தமிழ்நாட்டு முதல்வரே வரவேற்கப் போகவில்லை. சும்மாவா போகாமல் இருந்தார்? உங்கள் சித்தப்பா நல்லவராக இருக்கலாம், அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலில் கல் வைத்து அடுத்த தலைமுறைக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?

சும்மா ஒருத்தன்:

வந்துட்டார்யா. இனி இழை நாப்பது பக்கம் போகும்.

ஓய்வு ஹவில்தார்:

தனிக்குரல் ஐயா, ஆஸ்பத்திரி நடந்தது. நான் மறுக்கவில்லை. நான் அந்த இடத்தில் இல்லை, ஆனால் நடந்தது. படையில் இருந்தவன் என்பதற்காக அதை மூடி மறைக்க மாட்டேன்.

அதற்காக அங்கே செத்தவன் பெயரை எழுதக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? ஆணை போட்டவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் இருந்தார்கள். எங்களுக்கு என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அமைதி காக்கப் போகிறோம், ஆயுதத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார்கள். ஆகஸ்டில் பலாலி விமானத் தளத்திலிருந்து லாரியில் போகும்போது சனங்கள் ரோட்டோரம் நின்று மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். எங்கள் லாரியில் இருந்த ஆந்திரக்காரன் ஒருத்தன், "இது டியூட்டியா கல்யாணமா" என்று கேட்டான். செப்டம்பர் 26 புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5, பிடிபட்ட புலிகள் 12 பேர் பலாலியில் சயனைடு கடித்துச் செத்தார்கள், அதில் அவர்கள் தளபதிகள் புலேந்திரன், குமரப்பா இருந்தார்கள். அதோடு எல்லாம் தலைகீழ். அதே வாரத்தில் சண்டை தொடங்கிவிட்டது. எங்களிடம் சரியான வரைபடம் கூட இல்லை. எதிரில் ஏகே 47, எங்கள் கையில் பழைய எஸ்எல்ஆர் துப்பாக்கி. வீதியில் தார் போட்ட இடத்துக்குக் கீழேயே வெடி புதைத்திருப்பார்கள், ஒயர் இரண்டு வீடு தாண்டி ஒரு வாழைத்தோட்டத்துக்குள் போகும், அங்கே ஒருத்தன் பேட்டரியோடு உட்கார்ந்திருப்பான். முன்னால் போகும் ஆள் தாண்டிப் போய்விடுவான், நடுவில் வருகிறவன் மேல்தான் வெடிக்கும்.

பாலாற்றங்கரை தம்பி, உங்கள் சித்தப்பா உரும்பிராய் என்றால் அது பலாலியிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு இறங்கும் வழி. அந்த வழியில்தான் அந்த இரண்டு வாரமும் கடுமையாக அடிபட்டோம். அவர் நண்பர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் எல்லோரும் தமிழர் என்று நினைக்காதீர்கள், தெற்கே எல்லா மாநிலத்து ஆட்களும் உண்டு. தமிழ் தெரிந்தவன் பாடு தனி. தேடுதலுக்குப் போனால் கதவைத் தட்டுவதற்கு அவனைத்தான் முன்னால் தள்ளுவார்கள். உள்ளே இருக்கும் கிழவி அழுதுகொண்டே பேசுவது அவன் ஒருவனுக்குத்தான் புரியும். மற்றவனுக்கு அது வெறும் சத்தம். "என்ன சொல்கிறாள்" என்று பின்னால் இருந்து சாகிப் இந்தியில் கேட்பார். நான் எத்தனையோ தடவை பாதியைத்தான் சொன்னேன்.

பாலாற்றங்கரை:

ஹவில்தார் ஐயா, நன்றி. சித்தப்பாவின் கடிதங்களில் நீங்கள் சொல்கிற அதே மாற்றம் இருக்கிறது. இன்லண்டு லெட்டர்தான், முகவரி 56 ஏபிஓ, அதாவது ராணுவத் தபால் நிலையம். ஆகஸ்ட் கடிதத்தில் "இங்கே எல்லாரும் நம்ம பாஷைதான், ஆனால் ரேடியோ நாடகத்தில் பேசுகிற மாதிரி இருக்கு, கிணத்துத் தண்ணி நம்ம ஊரைவிட ருசி" என்று எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை. நெல் அறுத்தாயிற்றா, மாட்டுக்கு உடம்பு எப்படி, அக்கா பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்ததா, இதே. நடுவில் ஒரு வரி: "இங்கே யாரிடமும் பேச முடியவில்லை, தமிழ் தெரிந்தும்."

தனிக்குரல் அவர்களுக்கு: ஆஸ்பத்திரி விஷயம் எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இந்தக் கேள்வியையே கேட்கிறேன். 'தாய்நாட்டுக்காகப் பணியின்போது' என்று எழுதினால் யாருக்கும் கோபம் வராது, ஏனென்றால் அதைப் படிக்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது.

தனிக்குரல்:

நல்ல பேச்சு. ஆனால் செத்த தமிழ்ச் சனங்களுக்கு உங்கள் ஊரில் யாராவது கல் வைத்தார்களா? சம்பளத்துக்குப் போன படை அது. அழைக்காத வீட்டுக்குள் போய்விட்டு நினைவுச்சின்னமும் கேட்கிறார்கள்.

மதுரை வாலிபன்:

சம்பளத்துக்குப் போகாமல் சும்மாவா போவார்கள்? பதினெட்டு வயசில் ஆளெடுப்பு வரிசையில் நின்றவனுக்கு இலங்கை ஒப்பந்தம் என்று ஒன்று வரப்போவது எப்படித் தெரியும்? ஒப்பந்தத்தைப் போட்டவர்கள் பெயரெல்லாம் ரோட்டுக்கும் பூங்காவுக்கும் இருக்கிறது, செத்தவன் பெயரை ஒரு பள்ளிக்கூடச் சுவரில் எழுதினால் மட்டும் கை நடுங்குது.

போன வருஷம் டெல்லி போனபோது தேசியப் போர் நினைவுச்சின்னம் பார்த்தேன். 2019 பிப்ரவரியில் திறந்தார்களே, இந்தியா கேட் பக்கத்தில், அது. வட்ட வட்டமாகச் சுவர், ஒவ்வொரு கிரானைட் துண்டிலும் ஒரு பெயர், 1947-க்கு அப்புறம் இறந்தவர்கள், 25,000-க்கு மேலே. இலங்கையில் இறந்தவர்கள் பெயரும் அதில் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் தேடியிருப்பேன். ஆனால் ஒன்று கவனித்தேன், வெண்கலத்தில் பெரிய பெரிய புடைப்புச் சிற்பம் ஆறு வைத்திருக்கிறார்கள், லோங்கேவாலா, ரெசாங் லா, சியாச்சின் எல்லாம் இருக்கிறது. இலங்கை இல்லை.

ஓய்வு ஹவில்தார்:

எப்படி இருக்கும்? ஜெயித்ததா தோற்றதா என்றே யாரும் சொல்லாத சண்டை. இருபது வருஷத்துக்கு மேலே எங்களுக்கு இந்த நாட்டில் நினைவிடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அப்படி ஒன்று வைத்தது யார் தெரியுமா? இலங்கை அரசு. 2008-ல், கொழும்புக்கு வெளியே பத்தரமுல்லையில், அவர்கள் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், கறுப்புக் கல்லில் பெயர் எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் பிரதமர் 2015-ல் போனபோது அங்கே மலர் வளையம் வைத்தார். யாரோடு சண்டை போட வேண்டாம் என்று போனோமோ, யாருக்காகச் சண்டை போட்டோமோ, யாரோடு சண்டை போட்டோமோ, இந்த மூன்றையும் நினைத்தால் தலை சுற்றும். நம்மை வெளியே போ என்று சொன்ன இலங்கையின் பிரேமதாசா அரசாங்கம் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது, அந்தக் கூத்தெல்லாம் தனி.

போர் வீரத்துக்கான உச்ச விருது, பரம்வீர் சக்ரா, ஒன்று கிடைத்தது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர், மஹர் ரெஜிமெண்ட் எட்டாவது பட்டாலியன். 1987 நவம்பர் 25 விடியற்காலம், கந்தரோடையில் தேடுதல் முடித்துத் திரும்பும்போது பதுங்கித் தாக்கினார்கள். அவர் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய் அவர்களை மடக்கினார். கைகலப்பில் ஒருத்தன் நெஞ்சில் சுட்டான். அவன் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டு, உயிர் போகும்வரை ஆணை கொடுத்துக்கொண்டிருந்தார். 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும்? கேட்டுப் பாருங்கள்.

நெய்தல்:

நான் இங்கே வழக்கமாகப் படிப்பதோடு சரி. என் அப்பாவும் படையில் இறந்தவர், வேறு இடம், வேறு வருஷம். அதனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு நேரமாகப் படிக்கிறேன், டெல்லி, கொழும்பு, பரம்வீர் சக்ரா எல்லாம் வந்துவிட்டது. சித்தி எங்கே? உங்கள் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? ஆகியிருந்தால் அவரிடம் யாராவது கல்லில் என்ன எழுதலாம் என்று கேட்டீர்களா, இல்லை கமிட்டி ஆம்பளைகள் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்கிறீர்களா?

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். விழா எடுப்பார்கள், அம்மாவை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போடுவார்கள், மைக் மட்டும் அவர் கைக்கு வராது.

பாலாற்றங்கரை:

நெய்தல், கேட்டது நல்லது. சித்தி இருக்கிறார். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் சித்தப்பா போய்விட்டார், குழந்தை இல்லை. சித்தி திரும்பக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதில் பென்ஷனும் ஒரு காரணம் என்பதை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும், இறந்தவரின் கூடப்பிறந்த சகோதரனைக் கட்டினால் மட்டும் தொடரும் என்று அப்போது ரெக்கார்டு ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவுக்குக் கீழே ஒரு தம்பி உண்டு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். அவனுக்குக் கட்டிவைக்கலாம் என்று ஒரு பேச்சே நடந்ததாம். சித்தி ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். இப்போது அவர் அவருடைய அண்ணன் வீட்டுப் பக்கத்தில் தனியாக இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

கோண்டாவிலான்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் இருக்கிறேன். இந்தத் தலைப்பைப் பார்த்துப் போட்டு ரெண்டு நாள் ஒண்டும் எழுதாமல் இருந்தேன். எழுதினால் சண்டையாகும் எண்ட பயம்தான். ஹவில்தார் ஐயா எழுதினதைப் பார்த்த பிறகு எழுதலாம் எண்டு பட்டது.

எங்கட வீடு கோண்டாவில், கம்பஸில் (யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்) இருந்து நடந்து போகிற தூரம். உரும்பிராய் மற்றப் பக்கம், சைக்கிளில் கொஞ்ச நேரம். அக்டோபர் 11 இரவு ஹெலி வந்து கம்பஸ் மைதானத்தில் ஆக்களை இறக்கினது எங்களுக்குக் கேட்டது, நான் அப்ப சின்னப் பெடியன். விடிய விடிய வெடிச் சத்தம். இறங்கின சீக்கியப் படை ஆக்கள் முப்பது பேரில் ஒராள்தான் உயிரோட மிஞ்சினது எண்டு பிறகு தெரியும். அந்த நேரம் எங்களுக்கு அவையள் யார், எந்த ஊர் ஒண்டும் தெரியாது. ஆமிக்காரன், அவ்வளவுதான்.

பிறகு ரெண்டு கிழமை ஊரடங்கு, ஷெல். உரும்பிராயில் இருந்த என்ர பெரியம்மா கிணத்தடியில் ஷெல் பட்டுச் செத்தா. சுடலைக்குக் கொண்டு போக ஏலாது, வளவுக்குள்ளேயே பனை மட்டையும் கதவுப் பலகையும் போட்டு எரிச்சினம். பெரியப்பா ஒராள்தான் நிண்டவர், ரெண்டு பக்கத்து வீட்டுக்காரர் உதவி. எங்களுக்குச் செய்தி வந்தது எட்டுச் செலவும் (எட்டாம் நாள் சடங்கு) முடிஞ்ச பிறகு. அந்த ஷெல் யார் அடிச்சது எண்டு நான் இஞ்ச எழுதத் தேவையில்லை.

பாலாற்றங்கரை அண்ணை, நாள் கணக்கைப் பார்த்தால் உங்கட சித்தப்பா போன வீதியும் பெரியம்மா செத்த வீதியும் ஒரே வீதியாய் இருக்கலாம். எனக்கு உங்கட சித்தப்பாவில் கோபம் இல்லை எண்டு சொன்னால் அது முழு உண்மை இல்லை. கோபம் இருக்கு. ஆனால் அவருக்குக் கல் வைக்க வேண்டாம் எண்டு நான் சொல்ல மாட்டன். தனிக்குரல் ஐயா எங்களுக்காகக் கதைக்கிறார், அது எனக்கு விளங்குது, நன்றி. ஆனால் எங்கட பேரில் இன்னொரு வீட்டுக்காரரை அழ வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

ஒண்டு மட்டும் கேட்கிறேன். யாழ்ப்பாணம் எண்டு எழுதுங்கோ. உரும்பிராய் எண்டும் எழுதுங்கோ. 'பணியின்போது' எண்டு எழுதினால் அவர் எங்கேயோ காத்தில் செத்த மாதிரி இருக்கும். அவர் செத்த இடம் ஒரு ஊர், அங்க சனம் இருந்தது, அந்தச் சனமும் செத்தது. ஊரின்ர பேரை எடுத்தால் எங்கட ஆக்களும் அதோட சேர்ந்து போயிடுவினம். இருவது வருசம் கழிச்சு உங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்டு, "உரும்பிராய் எங்க இருக்கு, இவர் ஏன் அங்க போனவர்" எண்டு கேட்டால் போதும். கேக்கட்டும்.

ஓய்வு ஹவில்தார்:

தம்பி, உங்கள் பெரியம்மாவுக்கு என் அஞ்சலி. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த வீதிகளில் கிணற்றடியில் கிடந்த வாளி, கயிறு எல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அடுப்பில் சோறு இருக்கும்.

தனிக்குரல்:

கோண்டாவிலான் எழுதியதைப் படித்தேன். என் கருத்து முழுக்க மாறவில்லை. அந்தப் படையை அங்கே அனுப்பியது தவறு, அங்கே நடந்தவற்றுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை, ஆஸ்பத்திரியில் செத்த 21 ஊழியர்களுக்கு அங்கே இருக்கிறவர்கள்தான் ஒவ்வொரு வருஷமும் விளக்கேற்றுகிறார்கள், நம் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை போனதில்லை. இதை எல்லாம் திரும்பவும் சொல்வேன்.

ஆனால் ஊர்ப் பெயரோடு எழுதுவதாக இருந்தால் கல்லுக்கு என் எதிர்ப்பு இல்லை. 'தாய்நாட்டுக்காக' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். உரும்பிராயில் இந்தியாவுக்கு என்ன ஆபத்து இருந்தது?

மதுரை வாலிபன்:

எனக்கு 'வீரமரணம்' என்று இருக்கணும் அண்ணே. கல் என்று வைத்தால் அந்த மரியாதையாவது வேண்டாமா? வெறும் தேதியும் ஊரும் போட்டால் அது ரேஷன் கார்டு மாதிரி இருக்கும்.

சும்மா ஒருத்தன்:

கண்ணிவெடியில் போனவருக்கு வீரம் காட்ட அவகாசமே கொடுக்கலியே தம்பி. போனதே பெரிய விஷயம்தான், அதை விடு.

மட்டுறுத்துநர்:

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கட்சித் தலைவர்கள் பற்றிய வசவுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

பாலாற்றங்கரை:

சித்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கல் வைக்கப் போகிறோம் என்பதே அவருக்கு மூன்றாவது ஆள் மூலமாகத்தான் தெரிந்திருக்கிறது. முதல் அரை மணி நேரம் அதற்குத் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு. யாழ்ப்பாணம் என்று எழுதலாமா என்று கேட்டதும், "பின்ன வேற எங்க செத்தாரு" என்றார். கமிட்டிக்காரர் சொன்னதையும் சொன்னேன். "யாரும் வந்து கேள்வி கேட்டா என்கிட்ட அனுப்பு" என்றார். வீரமரணம் என்ற சொல்லைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் இல்லை. போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரியாம்.

அவருக்கு இருந்த குறை வேறு. பெயர். சித்தப்பாவின் பெயரைப் படையில் சேரும்போதே யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள், கடைசி எழுத்து போய், நடுவில் ஒரு எழுத்து கூடி. தந்தியில், பென்ஷன் புத்தகத்தில், பதக்கத்தின் விளிம்பில், எல்லாவற்றிலும் அந்தத் தப்புப் பெயர்தான். வங்கியில், தாலுகா ஆபீசில் ஒவ்வொரு தடவையும் "இரண்டும் ஒரே ஆள்தான்" என்று எழுதிக் கொடுத்தே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். "கல்லுலயாவது அவங்க அம்மா வெச்ச பேரை எழுதுங்க" என்றார்.

டிரங்குப் பெட்டி அவரிடம்தான் இருக்கிறது. அரிசி போட்டு வைத்திருக்கிறார். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் பெயரும் இருக்கிறது, எண் தெளிவாக இருக்கிறது, போட்டோ எடுத்துக்கொண்டேன். கடிகாரம் எங்கே என்று கேட்டேன். என் அத்தை பையன் பத்தாவது பாஸ் ஆனதற்குக் கொடுத்துவிட்டாராம். அவன் அதைத் தொலைத்தும் விட்டான். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை, எனக்குத்தான்.

உடலைப் பற்றி நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். பலாலியிலேயே எரித்துவிட்டதாகச் சொன்னார்களாம். கார்கில் சமயத்தில் டிவியில் ஒவ்வொரு ஊருக்கும் பெட்டி வருவதைக் காட்டியபோது, இப்போது மட்டும் எப்படி வருகிறது என்று என் அப்பாவிடம் கேட்டாராம். அப்பா பதில் சொல்லவில்லை.

ஓய்வு ஹவில்தார்:

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கார்கிலுக்கு முன்னால் எந்தச் சண்டையிலும் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. 62, 65, 71 எல்லாவற்றிலும் சண்டை நடந்த இடத்திலோ பக்கத்திலோ படையே மரியாதை செய்து எரித்துவிடும், புதைக்கிறவர்களைப் புதைத்துவிடும். வீட்டுக்குத் தந்தியும் பெட்டியும்தான். 1999-ல்தான் அது மாறியது. பலாலியில் எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைவிடம் உண்டு. நடுவில் பாழாய்க் கிடந்து பிறகு சீர் செய்தார்கள்.

எண் கிடைத்தது பெரிய விஷயம். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீலகிரியில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் இருக்கிறது, ரெக்கார்டு ஆபீசும் அங்கேதான். அவர் எண், பெயர் (படையில் எழுதிய அதே தப்புப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், திருத்தி எழுதினால் தேடிக் கிடைக்காது), சித்தியின் பென்ஷன் ஆணை எண் மூன்றையும் போட்டு, சித்தி கையெழுத்தில் ஒரு கடிதம். நீங்கள் எழுதினால் பதில் வருவது கஷ்டம், வாரிசு சித்திதான். எந்த பட்டாலியன், எந்தத் தேதி, எந்த இடம் என்று கேளுங்கள். கடிதத்தின் நகலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள், அவர்கள் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினால் வேகமாக நகரும். தேசியப் போர் நினைவுச்சின்னத்தின் இணையதளத்திலும் பெயர் தேடலாம், அங்கேயும் அந்தத் தப்புப் பெயரில்தான் இருக்கும்.

நெய்தல்:

கல்லில் அம்மா வைத்த பெயர் பெரிதாக, கீழே சின்னதாகப் படை எண் மட்டும் போடுங்கள். எண் இருந்தால் பிற்காலத்தில் யார் தேடினாலும் ஆவணத்தோடு பொருந்திவிடும், தப்புப் பெயரை எழுதவே வேண்டாம். எண் ஒன்றைத்தானே அவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

திறப்பு விழாவில் மைக்கை சித்தியிடம் கொடுங்கள். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, கொடுங்கள்.

கோண்டாவிலான்:

அண்ணை, உரும்பிராய் எண்டு எழுதேக்க 'ரு'வை விட்டிடாதேங்கோ. தமிழ்நாட்டுப் பத்திரிகையில் எத்தனையோ தரம் 'உம்பிராய்' எண்டு பார்த்திருக்கிறன்.

பாலாற்றங்கரை:

கமிட்டியில் நேற்றுப் பேசி முடித்தாயிற்று. பெரியவர்களில் ஒருத்தர் சித்தி சொன்னதைக் கேட்டதும் சரி என்றுவிட்டார். இன்னொருத்தர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், ஆனால் தடுக்கவில்லை. எழுதப் போவது இது:

அம்மா வைத்த பெயர். சிப்பாய், மெட்ராஸ் ரெஜிமெண்ட். எண். இந்திய அமைதி காக்கும் படையில் சென்று, 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் உரும்பிராய் அருகே போரில் இறந்தார்.

'தாய்நாட்டுக்காக' இல்லை. மதுரைத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், 'வீரமரணம்' கல்லில் இல்லை. இளைஞர்கள் அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள், அதை நான் தடுக்கவில்லை. வெலிங்டனிலிருந்து பதில் வந்தால் தேதியைச் சேர்க்கலாம் என்று ஒரு வரி இடம் விட்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

மதுரை வாலிபன்:

அழைப்பிதழில் இருந்தால் போதும் அண்ணே. தேதி சொல்லுங்கள், பஸ் ஏறி வருகிறேன்.

தனிக்குரல்:

இதில் எனக்குச் சண்டை போட ஒன்றும் இல்லை.

ஓய்வு ஹவில்தார்:

நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம், படை வழக்கப்படி எண் முதலில், ரேங்க் அடுத்து, பெயர் அதற்கப்புறம். ஆனால் இது ஊர்க்கல், நெய்தல் சொன்னபடியே இருக்கட்டும்.

வேறொரு விஷயம், இதுதான் அவசரம். சித்திக்கு வருவது சாதாரணக் குடும்ப ஓய்வூதியமா, தாராளமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியமா என்று ஆணையில் பாருங்கள். போரில் இறந்தவர் மனைவிக்கு இரண்டாவதுதான் வர வேண்டும், அது கடைசியாக வாங்கிய சம்பளத்தின் கணக்கில் வரும், வித்தியாசம் பெரியது. பெயர்க் குழப்பம் இருந்த வீடுகளில் தப்பான வகையில் போட்டு அப்படியே ஓடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ரேங்க் ஒரே ஓய்வூதியத் திட்டத்தில் திருத்தம் வந்ததா என்பதையும் பாருங்கள், அது குடும்ப ஓய்வூதியத்துக்கும் பொருந்தும். இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற ராணுவ ஓய்வூதிய இணையதளத்துக்குப் போய்விட்டது, அதில் சித்தியின் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, ஆயுள் சான்று எப்போது கொடுத்தார் என்று கேளுங்கள். தவறினால் பணம் நின்றுவிடும். ஆணையின் நகலை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், எண்ணை மறைக்காமல். கல் வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இதை இந்த வாரமே செய்யுங்கள்.